பத்து மணிக்கு சேவியர் எங்கே இருந்தார்?

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றியது இது, அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது போன் போட்டு, "எம் பேரு இன்னாத்துக்குப்பா? நடந்தத மட்டும் எழுது" என்பார். ஆறு வருஷம் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். வயதும் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் டீம் லீடர், அவர் எனக்குக் கீழே என்று ஆபீஸ் காகிதத்தில் இருக்கும். டீகூட அவர் சொன்ன கடையில்தான் வாங்கினோம். ஆகவே அந்தக் காகிதத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

எங்கள் ஆபீஸ் திருவொற்றியூரில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடி. கண்டெய்னர் யார்டுகளில் நிற்கும் பெரிய கிரேன்களுக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்துகொண்டிருந்தோம். உள்ளே சின்னதாக ஒரு கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம். கிரேன் அளவுக்கு மீறி எடையைத் தூக்கினால் பெட்டி அதை நிறுத்திவிடும். ஆபரேட்டர்கள் ஏணியில் ஏறுமுன் கீழே தங்கள் கார்டைக் காட்ட வேண்டும், அதனால் மேலே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் பெட்டிக்குத் தெரியும்.

அவரிடம் ஒரு குணம். கண்ணால் பார்க்காத எதற்கும் காரணம் சொல்ல மாட்டார். வெளியே மழையா என்று கேட்டால்கூட எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டு வந்துதான் பதில். நான் நேர் எதிர். முன்கோபமும் முன்முடிவும் என்னோடு கூடப் பிறந்தவை. எங்கோ கோளாறு என்று போன் வந்ததுமே காரணத்தைச் சொல்லிவிடுவேன். பாதி நேரம் அது சரியாகவும் இருந்துவிடும், அதுதான் வினை. நான் சொல்லி முடிக்கிறவரை கம்மென்று கேட்டுவிட்டு, "பாத்தியா?" என்பார். பார்க்கவில்லை, ஆனால் என்று நான் இழுத்தால், "பாத்துட்டு சொல்லு" என்று தன் திரைக்குத் திரும்பிவிடுவார். எத்தனையோ நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

புளியந்தோப்பில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடி அவருக்கு. ஒரு கோடையில் அங்கே திடீர் திடீரென்று தண்ணீர் நின்றது. கீழே ஒரு வால்வு இருக்கிறது, யாரோ அதைத் திருகிவிடுகிறார்கள். மாடிப்படி முழுக்கக் கூடி நின்று தரைத்தள அம்மாவைத் திட்டித் தீர்த்தார்கள். இவர் வாயைத் திறக்கவில்லை. கீழே போய் வால்வுச் சக்கரத்தின் அடிப்பக்கத்தில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தடவிவிட்டு வந்தார். மறுநாள் சாயங்காலம் அவருடைய சொந்த அண்ணன் நீலக்கையோடு சாப்பிட உட்கார்ந்தார். இவர் நடந்ததை வீட்டுக்குள் அமுக்கிவிடவில்லை. அண்ணனைப் படிக்கட்டுக்கு இழுத்துவந்து, "எங்கண்ணன்தான். கைய பாருங்க. கீய் வூட்டம்மாவ வுட்டுருங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அண்ணன் ரொம்ப நாள் பேசவில்லையாம். "பேசாட்டி போவட்டும், தண்ணி வந்துகினு கீதுல்ல" என்றார் எங்களிடம்.

அவர் எல்லா இடத்திலும் இப்படித்தான் பேசுவார். பெரிய கம்பெனிக்காரர்கள் சேர்ந்த ஒரு மீட்டிங்கில், நகரத்தின் தென்கோடியிலிருந்து ஆன்லைனில் பேசிய ஒருவர் இவர் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். "சிரிச்சி முட்ச்சிட்டீங்களா சார்? அப்பால சொல்றேன்" என்று காத்திருந்துவிட்டு, அந்த ஆளுடைய புரோகிராமில் இருந்த ஓட்டையை வரி எண்ணோடு சொன்னார். அதற்கப்புறம் அந்த மனிதர் கூட்டம் முடிகிறவரை குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

வேலையிலும் அவர் வழி அதுதான். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிவயிற்றைக் கெர்னல் என்பார்கள். அதற்குள் ஏதாவது தப்பு நடந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். என் பழக்கம், சந்தேகப்பட்ட இடங்களில் எல்லாம் 'இங்கே வந்தேன்', 'இதையும் தாண்டினேன்' என்று திரையில் எழுதச் சொல்லி வரிகளைச் செருகுவது. அப்படி எழுதுவதற்கே நேரம் பிடிக்கும், அந்தத் தாமதத்தில் கோளாறு ஒளிந்துகொள்ளும். வரிகளை எடுத்தால் திரும்ப வரும். "முக்குல போலீஸ்காரர நிக்க வெச்சிட்டு, எவனும் சிக்னல் மீறலனு சொல்லிக்கினு கீற" என்று கிண்டல் செய்வார்.

அவர் பயன்படுத்தியது ட்ரேஸ்பாயின்ட். புரோகிராம் ஓடும் பாதையில், முக்கியமான இடங்களில் முன்கூட்டியே ஒரு கண்ணை வைத்துவிடுவது. மூடியிருக்கும்போது அது இருப்பதே தெரியாது, வேகமும் குறையாது. வேண்டும்போது திறந்தால், அந்த இடத்தை யார் கடந்தாலும் நேரத்தோடு நினைவகத்தில் குறித்துவிட்டு வழிவிடும். ஒவ்வொரு ட்ரேஸ்பாயின்டுக்கும் ஒரு வரையறை எழுத வேண்டும். அதன் பெயர் என்ன, எதையெல்லாம் குறித்துவைக்க வேண்டும், எப்படி நிரப்ப வேண்டும், பின்னால் படிப்பவருக்கு எப்படிக் காட்ட வேண்டும். இந்த வரையறைகளை உயிர்ப்பிக்க ஒரு தனி வரி உண்டு. அதை ஒரே ஒரு கோப்பில்தான் போடலாம். முதன்முதலில் நான் இரண்டில் போட்டுவிட்டு, புரோகிராமைக் கட்டும்போது கம்ப்யூட்டர் ஏன் பிழை பிழை என்று கத்துகிறது என்று அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். எட்டிப்பார்த்துவிட்டு, "ஒரே ஆளுக்கு ரெண்டு ரேஷன் கார்டா?" என்று போய்விட்டார்.

புரோகிராம் எழுதுவதற்கு முன்பே அவர் வரையறைகளை எழுதிவிடுவார். கோளாறு வரும் முன்பே கண்ணை வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நாங்கள் எழுதியதைச் சரிபார்க்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "இத்த யாரு படிப்பாங்க, எப்ப படிப்பாங்க?"

அவர் தங்கையின் பிரசவத்துக்காக லீவு போட்டு ஆஸ்பத்திரியோடு கிடந்தபோது, எண்ணூர் பக்கத்து யார்டு மேனேஜர் ஒன்று கேட்டார். குறிப்புகளில் ஆபரேட்டர் பெயரும் வர வேண்டும் என்றார். அதற்கென்ன என்று ஒரு மதியத்தில் நானே வரையறையில் பெயரைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். அவருக்குப் போன் போட்டுக் காட்டியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் இருப்பவரைத் தொந்தரவு செய்வானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

அடுத்த வாரம் அதே யார்டில் விபத்து. பகல் ஒன்று இருபது. அளவுக்கு மீறிய எடையுள்ள கண்டெய்னர் ஒன்றைக் கிரேன் பாதிவரை தூக்கி, தாங்காமல் லாரி மேலேயே போட்டுவிட்டது. லாரியின் அச்சு முறிந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தார். பெட்டி ஏன் தடுக்கவில்லை? ரிப்பேர் வேலைக்கென்று பைபாஸ் என ஒரு சுவிட்ச் உண்டு. அதை அமுக்கினால் பெட்டி எடையைக் கண்டுகொள்ளாது. தூக்கும்போது அதை அமுக்குவது பெரிய குற்றம், வேலை போய்விடும்.

மூன்று மணிக்கு நான் போய்ச் சேர்ந்தேன். விபத்து நடந்ததும் குறிப்பெடுப்பது தானாக நின்று, எல்லாம் அப்படியே பத்திரமாக இருந்தது. லேப்டாப்பை மாட்டிப் படித்தேன். ஒன்று இருபதுக்கு பைபாஸ் விழுந்திருக்கிறது, பக்கத்தில் பெயர் சேவியர். அந்தக் கடைசி வரிகளை வெட்டி ரிப்போர்ட்டில் ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கிரேனில் காலை ஷிப்ட் பாபு, இரண்டு மணிக்கு மேல்தான் சேவியர். ஆனால் இருவரும் பல வருஷக் கூட்டாளிகள். சேவியர் சில நாள் முன்னாலேயே வந்து ஏறிக்கொண்டு, பாபுவைச் சாப்பிட அனுப்புவார் என்பது யார்டுக்கே தெரியும். அன்றும் அவர் ஒரு மணிக்கே கேன்டீனில் இருந்திருக்கிறார். பாபுவோ, நான்தான் மேலே இருந்தேன், பைபாஸைத் தொடவில்லை என்று சொன்னார். கூட்டாளியைக் காப்பாற்றச் சொல்கிறார் என்று யாரும் நம்பவில்லை. சேவியரை அன்றே நிறுத்திவைத்தார்கள். விசாரணைக்குப் பின் சீட்டுக் கிழியும் என்று பேச்சு.

மறுநாள் சேவியர் எங்கள் ஆபீஸ் மாடி ஏறி வந்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர், வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"சார், ஒங்க பொட்டில இன்னா கீதுனு எனக்குத் தெரியாது. நான் ரெண்டு மணிக்கு முன்ன ஏறவே இல்ல."

"பெட்டிக்கு உங்க மேல என்னங்க கோபம்? அதுல உங்க பேர் இருக்கே" என்றேன். இப்போது நினைத்தாலும் அந்தத் தொனிக்காக என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"எங் கார்டு லாக்கர்ல கெடந்துச்சு சார். நானும் பாபுவும் வெச்சிக்கிற லாக்கரு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அப்ப பாபு எடுத்தாரா?"

"நான் அப்டி சொல்லல" என்று எழுந்துவிட்டார். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

நான்காம் நாள் காலை என் பக்கத்து நாற்காலிக்காரர் லீவு முடிந்து வந்தார். தங்கைக்குப் பெண் குழந்தை என்று எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். வழக்கம்போல முடிவோடு சேர்த்தே சொன்னேன்.

"பாத்தியா?" என்றார்.

"இந்த வாட்டி பாத்துட்டேன்" என்று பெருமையாக ரிப்போர்ட்டை நீட்டினேன்.

"இது கடசி பத்து வரிதான். மேல எங்க?"

மேலே தேவைப்படவில்லை என்றேன். முழுக் குறிப்பையும் என் லேப்டாப்பில் திறந்து, விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"காலீல பத்து மணிக்கு சேவியர் எங்க இருந்தாரு?"

"வீட்ல. ரெண்டு மணி ஷிப்டுக்குப் பத்து மணிக்கு யார் வருவா?"

"பத்து மணி வரியிலயும் அவர் பேருதான் கீது. எட்டு மணிலயும். பாபு பேரு ஒரு எடத்துலயும் இல்ல."

நான் எழுதிய வரையறையைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டியதே இல்லை, அதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. நான் ஆபரேட்டரின் பெயரைக் குறித்துவைக்கச் சொல்லவில்லை. பெயர் இருக்கும் இடத்தை, அதாவது நினைவகத்தின் விலாசத்தை மட்டும் குறித்துவைக்கச் சொல்லியிருந்தேன். பெட்டியில் அந்த இடம் ஒன்றுதான், யார் கார்டைக் காட்டினாலும் பழைய பெயர் அழிந்து புதுப் பெயர் வந்து உட்காரும். குறிப்பு எழுதப்படுவது ஒரு நேரம், அதைப் படிப்பது வேறொரு நேரம். விபத்து நடந்தபோது அந்த விலாசத்தில் குடியிருந்தது பாபு. நான் மூன்று மணிக்குப் போய்க் கதவைத் தட்டியபோது குடித்தனம் மாறியிருந்தது. சேவியர் இரண்டு மணிக்கு வழக்கம்போல ஷிப்டுக்கு வந்து கார்டைக் காட்டியிருந்தார். அது மட்டும்தான் அவர் செய்த குற்றம்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் திட்டவில்லை. "பொட்டிய ஆஃப் பண்ணிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். விசாரணை முடிகிறவரை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தேன், பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. "அந்த ஒண்ணாவது ஒயுங்கா பண்ணியே. வா" என்று பையை எடுத்தார். ஆட்டோவில் போகும்போது, மேனேஜரிடம் விஷயத்தை எப்படி மென்மையாகச் சொல்வது என்று நான் வாக்கியங்கள் யோசித்தேன். "சொல்லாத. காட்டு" என்றார்.

கிரேன் காலடியில் லேப்டாப்பை மாட்டினோம். மேனேஜர் கறார் ஆசாமி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் யார்டு மெக்கானிக். என்னோடு வந்தவர் ஒன்று இருபது வரியைக் காட்டினார். சேவியர் பெயர் அப்படியே இருந்தது.

"சார், ஒங்க கார்ட ஒரு வாட்டி காட்டுங்க."

மேனேஜர் தன் கார்டைக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. இவர் அதே குறிப்பைத் திரும்பப் படித்தார். ஒன்று இருபதுக்கு பைபாஸ் விழுந்த வரியில், இனிஷியலோடு மேனேஜரின் பெயர்.

மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "என்னம்மா இது? நான் அன்னிக்கு அந்த நேரத்துல ஹெட் ஆபீஸ்ல இருந்தேன்."

"தெரியும் சார். காலீல பத்து மணிக்கும் நீங்கதான் கிரேன் ஓட்டிகினு இருந்தீங்க, தோ பாருங்க" என்று மேலே தள்ளிக் காட்டினார். மெக்கானிக் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

பிறகு இவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் என்னுடைய சோதனைக் கார்டைக் காட்டினேன். திரும்பப் படித்தபோது எல்லா வரியிலும் என் பெயர் இறங்கியது. பார்க்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. "தப்பு நான் எழுதினதுல சார். சேவியருக்கு இதுல சம்பந்தமே இல்ல" என்றேன்.

"அப்ப அமுக்கினது யார்? பாபுவா?"

"பேரு பொய். மத்த கட்டம்லாம் நெசம்" என்றார் இவர். எண்கள் அந்த நொடியிலேயே குறிக்கப்பட்டவை, அவற்றுக்கு விலாசம் கிடையாது. பைபாஸ் வரிகளை விரலால் தொட்டுக்காட்டினார். ஒரே ஒரு நொடிக்குள் முப்பத்துச் சொச்சம் தடவை விழுந்து எழுந்திருந்தது. பெயரைக் கண்டதும் அதற்கு மேல் நான் படிக்காமல் விட்ட வரிகள் இவை. "மன்ஷன் கை இத்தினி வாட்டி அமுக்குமா சார்? நீங்க வேணா அமுக்கிப் பாருங்க."

மெக்கானிக் ஏறிப்போய் சுவிட்ச் மூடியைக் கழற்றினார். உள்ளே உப்புக்காற்றில் துரு பூத்து, ஒரு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை லேசாக ஆட்ட, கீழே பைபாஸ் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. யாரும் எதையும் அமுக்கவில்லை. எனக்கு வந்த நிம்மதியைச் சொன்னால் வெட்கம், அப்படியே கிரேனின் இரும்புக் காலில் சாய்ந்து நின்றேன். மேனேஜர் சேவியரை நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லலாம் என்றார்.

"நாங்களே போய் சொல்றோம் சார். தப்பு எங்குளுது" என்றார் இவர். கேட்டைத் தாண்டியதும் என்னிடம், "எங்குளுதுனு சொன்னேன், அவரு மின்னாடி. அங்க போயி என்னுதுனு நீ சொல்லணும்" என்றார்.

காலடிப்பேட்டையில் சேவியர் வீடு. நாங்கள் போனபோது மணி ஐந்து. அவர் மனைவி நாற்காலி போட்டார். சேவியர் சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தார். டிவி மேல் அவர் போன் அடித்தது. அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, எடுக்காமல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். "நாலு நாளா இப்டித்தான் பண்றாரு. பாபு அண்ணன்தான் கூப்புட்டுகினே கீறாரு" என்றார் மனைவி.

நான் சொன்னேன். சுற்றி வளைக்காமல், நான் அவசரத்தில் தப்பாக எழுதியதால் அவர் பெயர் வந்தது என்றும், நாளைக்கு அவர் வேலைக்குப் போகலாம் என்றும், என்னை மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். சேவியர் முகத்தில் மட்டும் ஒன்றும் மாறவில்லை.

"அப்ப யாரு சார் அமுக்குனது?"

"யாரும் அமுக்கல. ஒயர் துருப்பிடிச்சித் தொங்கிகிட்டு இருந்துச்சு."

"பாபு இல்லியா?"

"பாபு இல்ல."

அவர் என்னை நம்பவில்லை, இவரைப் பார்த்தார். "நான் கண்ணால பாத்தேண்ணா. பாபு அண்ணன் கைய வைக்கல. ஒங்க கார்ட யாரும் எடுக்கல" என்றார் இவர்.

சேவியர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்துதான் பேச்சு வந்தது. "எங் கார்ட எட்த்துக் காட்டிட்டு அவன் அமுக்கிட்டான்னு நெனச்சிட்டேம்மா. ஆபீஸ்ல சொல்ல மனசு வரல. அவனாண்ட கேக்கவும் வாய் வரல. ஒரே டப்பால துன்னுகினு இருந்தவங்கமா நாங்க."

"என்னாலதான்..." என்று நான் மறுபடி ஆரம்பித்தேன்.

"வுடு சார். வேல போனா இன்னொரு கிரேனு கெடைக்கும். கூட்டாளி அப்டியா?" என்றார்.

போன் திரும்பவும் அடித்தது. இவர் எழுந்துபோய் டிவி மேலிருந்து அதை எடுத்து, சேவியர் கையில் கொடுத்தார். சேவியர் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் பாபு ஏதோ கத்துவது எங்களுக்கே கேட்டது.

"இல்ல மாமு, ஒண்ணும் இல்ல" என்றார் சேவியர். "நீ வூட்டுக்கு வா."